சிவாலிக் குன்றுகளில் எலும்பு பொறுக்கியவர்கள்

கேள்வி: என் மகள் நிலவியலில் முதுகலை படிக்கிறாள். பாலூட்டிகளின் புதைபடிவங்களைத் தேடும் ஆய்வுக்குத்தான் போவேன் என்கிறாள். அந்த வேலையைச் செய்பவர்கள் யார்? எப்படிப் பிழைக்கிறார்கள்? நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? டைனோசரைப் பற்றி எங்கும் படிக்கக் கிடைக்கிறது. இவர்களைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்:

பிழைப்பைப் பற்றிய பகுதிக்கு முதலில் வருகிறேன். உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. பாலூட்டிப் புதைபடிவ ஆய்வின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், எலும்பு தேடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான் தென்படுவார்கள். மற்றவர்கள் தோட்டம் பார்த்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், எண்ணெய் தேடினார்கள். அந்த வருமானத்தில் சாப்பிட்டுக்கொண்டு, கிடைத்த நேரத்தில் எலும்பு பொறுக்கினார்கள். உலகம் முழுவதையும் சொல்லப் புகுந்தால் பேச்சு சிதறிவிடும். ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: சிவாலிக்.

பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் தொடங்கி ஜம்மு, இமாசலப் பிரதேசம், ஹரியானா, உத்தராகண்ட், நேபாளம் என்று இமயத்தின் தென் அடிவாரத்தை ஒட்டியே நீளும் தாழ்ந்த குன்றுகள் இவை. இமயம் உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் சேர்ந்து உண்டானவை. கரையோரம் செத்து விழுந்த விலங்குகளை அந்த வண்டல் மூடியது. பிறகு, மலையை எழுப்பிய அதே அழுத்தம் வண்டலையும் மடித்துச் சாய்த்துக் குன்றாக்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்காலமும் சரிவைக் கொஞ்சம் அரித்து, சில பற்களையும் எலும்புத் துண்டுகளையும் புதிதாக வெளியே தள்ளுகிறது. யானை வகைகள், நீர்யானை, மூன்று குளம்புள்ள குதிரை, ஒட்டகச்சிவிங்கியின் பங்காளிகள், வாலில்லாக் குரங்குகள் எல்லாம் அதில் உண்டு.

இவற்றை முதலில் முறையாகத் தேடியவர் ஒரு தோட்டக்காரர் என்றே சொல்லலாம். ஹியூ ஃபால்கனர் 1808இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1830இல் இந்தியாவுக்கு வந்தார். 1832இல் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளரானார். கம்பெனி அவரிடம் எதிர்பார்த்தது செடி கொடிகளை. இந்தியாவில் தேயிலை வளருமா என்று ஆராய்ந்து சொன்னவர்களில் அவரும் ஒருவர். பக்கத்திலேயே யமுனைக் கால்வாய் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ப்ரோபி காட்லி என்ற ராணுவப் பொறியாளர். பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டி 1854இல் தண்ணீர் விட்டவர் இவர்தான். யமுனையின் மறுகரையில், தாதுப்பூரைத் தளமாகக் கொண்டு பேக்கர், டூரண்ட் என்ற இரண்டு இளம் லெப்டினன்ட்கள். நால்வரில் ஒருவர்கூடத் தொல்லுயிரியல் படித்தவர் இல்லை. அப்போது அப்படி ஒரு படிப்பே கிடையாது.

ஃபால்கனருக்குத் தூண்டுதல் பாறையிலிருந்து மட்டும் வரவில்லை. ஃபெரிஷ்டாவின் பாரசீக வரலாற்று நூலிலிருந்தும் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் கால்வாய்க்காக மலையைக் குடைந்தபோது அரக்கர் எலும்புபோலப் பெரிய எலும்புகள் கிடைத்தன என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறையும் எலும்பு வெளியே வந்தது கால்வாய் வெட்டியவர்கள் கண்ணில் பட்டுத்தான் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. 1834 நவம்பரில், நாகன் என்ற மலைச் சிற்றரசின் ராஜாவிடம் பெரிய பல் துண்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஃபால்கனர் அங்கே போனார். பல் கிடைத்த இடத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தவர், ஆறு மணி நேரத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புகளைச் சேர்த்துவிட்டார். அந்தப் பல்லை முதலில் கண்டெடுத்தவர் யார் என்று நான் பார்த்த ஆவணம் எதுவும் சொல்லவில்லை. இந்தத் துறையின் வரலாறு நெடுக அப்படிப்பட்ட பெயரில்லாத ஒருவர் முன்னால் நடந்துகொண்டே இருக்கிறார்.

எலும்பு கிடைத்துவிட்டது, எந்த விலங்குடையது என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகம் இல்லை, நூலகமும் இல்லை. அவர்கள் செய்தது எளிமையானது, கொஞ்சம் கோரமானதும்கூட. சுற்றியிருந்த காட்டில் வாழ்ந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளைச் சேர்த்துச் சுத்தம் செய்து, தங்களுக்கென்று ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். அதை வைத்துக்கொண்டுதான் 1836இல் சிவதீரியத்தை விவரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் கழுத்து குட்டை. யானையை நெருங்கும் பருமன். தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள். சிவாலிக்கில் கிடைத்ததால் சிவன் பெயர். அதே ஆண்டில் பேக்கரும் டூரண்டும் விவரித்த மேல்தாடை, உலகில் முதன்முதலாக அறியப்பட்ட குரங்குப் புதைபடிவங்களுள் ஒன்று. 1837இல் லண்டன் நிலவியல் சங்கம் தன் மிக உயர்ந்த விருதான வுல்லாஸ்டன் பதக்கத்தை ஃபால்கனருக்கும் காட்லிக்கும் சேர்த்துக் கொடுத்தது. ஃபால்கனருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் மகள் கவனிக்க வேண்டியது. உடல்நலம் கெட்டு 1842இல் ஃபால்கனர் ஊர் திரும்பினார், டன் கணக்கில் எலும்புகளோடு. காட்லி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய தொகுப்பு 214 பெட்டிகளை நிரப்பியது. இவற்றை விவரிக்கும் பெரும் படத் தொகுதி 1846இல் வெளிவரத் தொடங்கியது. 1849க்குள் ஒன்பது பகுதிகள் அச்சாகி, பத்தாவது வராமலே நின்றது. படங்கள் வந்தன, அவற்றுக்கு விளக்கமாக எழுத வேண்டியதில் மிகச் சிறு பங்குதான் வந்தது. ஃபால்கனர் மறுபடி வேலைக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். திரும்பிப் போனபின் ஐரோப்பியக் குகைகளில் ஆழ்ந்தார். 1865இல் இறந்தபோது குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. நண்பர் சார்லஸ் மர்ச்சிசன் அவற்றைத் தொகுத்து 1868இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவராவிட்டால் அந்த உழைப்பில் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும். களத்தில் கில்லாடியாக இருப்பவர் மேசையில் உட்கார மறுப்பது இந்தத் துறையின் பழைய நோய். நான் பார்த்தவரை இன்றும் தீரவில்லை.

இன்னொரு குறை அதைவிட ஆழமானது. அந்தப் பெட்டிகளில் பலவற்றில் "சிவாலிக் குன்றுகள்" என்பதற்குமேல் இடக் குறிப்பு கிடையாது. அக்காலத்தில் அது போதும் என்று எண்ணினார்கள். ஆனால் சிவாலிக் அடுக்குகளின் அடிக்கும் உச்சிக்கும் நடுவே கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு கோடி ஆண்டுக்கு முந்தைய குரங்கின் தாடையும் இருபது லட்சம் ஆண்டுக்கு முந்தைய நீர்யானையின் மண்டையும் ஒரே இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், அவை ஒன்றாக வாழ்ந்தவை என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் அடுத்த தலைமுறை கழிந்தது. ரிச்சர்ட் லிடெக்கர் 1874 முதல் 1882 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்து எலும்புகளைப் பட்டியலிட்டார். 1902இல் அதே துறையில் சேர்ந்த கை பில்கிரிம் மறு கேள்வியைக் கேட்டார்: இந்த எலும்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது? 1910 முதல் 1913 வரை அவர் வகுத்த வரிசையைத்தான், திருத்தங்களோடு, இன்றும் பயன்படுத்துகிறோம். சிஞ்சி, நாக்ரி, தோக் பதான், தத்ரோட், பிஞ்சோர் என்று அடுக்குகளுக்கெல்லாம் ஊர்ப் பெயர்கள். பிஞ்சோர் என்பது முகலாயத் தோட்டம் பார்க்கச் சுற்றுலாப் பேருந்துகள் போகும் அதே ஹரியானா ஊர்தான். அங்கே இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு காலகட்டத்தின் பெயர் என்று தெரியும்!

பில்கிரிமுக்குச் சம்பளம் அரசு தந்தது. சேகரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வேறு ஒரு வகை. அவர்களை வளர்த்தவை அமெரிக்க அருங்காட்சியகங்கள். டி-ரெக்ஸைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற பார்னம் பிரவுன் 1922இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்காகச் சிவாலிக்குக்கு வந்தார், மனைவி லிலியனோடு. மறு ஆண்டு பர்மாவில் மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. பக்கத்தில் இருந்து காப்பாற்றியவர் லிலியன். பர்மாவில் பிரவுன் எடுத்த ஒரு சிறு தாடைத் துண்டு நியூயார்க்கில் சும்மா கிடந்தது. 1937இல் அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் எட்வின் கோல்பெர்ட் அதை எடுத்துப் பார்த்து, பழைமையான ஒரு குரங்கினத்தினுடையது என்று கண்டு ஆம்ஃபிபிதேகஸ் என்று பெயரிட்டார். பதினான்கு ஆண்டு! பிரவுனின் சிவாலிக் எலும்புகளை விவரித்துப் பெருநூல் எழுதியவரும் கோல்பெர்ட்தான். எடுப்பவர் ஒருவர், பெயர் வைப்பவர் இன்னொருவர் என்பது இங்கே சாதாரணம். அறிவியல் பெயருக்குப் பின்னால் அச்சாகும் பெயர் எப்போதும் இரண்டாமவருடையது.

சேகரிப்பாளர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் சிவாலிக்கைப் பார்க்காதவர், ஆகையால் ஒரு பத்தி விலகிப் போகிறேன். ஜான் பெல் ஹேட்சர், அமெரிக்கர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துக் கல்லூரிக்குப் பணம் சேர்த்தவர்; சுரங்கத்தில் பொறுக்கிய புதைபடிவங்களைக் காட்டித்தான் யேல் பேராசிரியர் மார்ஷின் கண்ணில் பட்டார். வயோமிங்கில், டைனோசர்களின் காலடியில் வாழ்ந்த மிகச் சிறிய பாலூட்டிகளின் பற்களைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு. மண்டியிட்டுத் தேடிச் சலித்தவர், எறும்புகள் தம் புற்றின் மேல் சிறு கற்களை அடுக்குவதையும், அந்தக் கற்களுக்கு நடுவில் பற்கள் இருப்பதையும் பார்த்தார். மாவு சலிக்கும் சல்லடையோடு போய்ப் புற்றுகளைச் சலித்தார். ஒரே புற்றில் 200, 300 பற்களும் தாடைகளும் கிடைத்ததுண்டு என்று 1896இல் எழுதியிருக்கிறார். எறும்பில்லாத இடங்களுக்கு அவர் ஒரு மண்வாரி நிறைய எறும்புகளைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அறுவடை செய்தார்! பிறகு 1896 முதல் 1899 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காகப் படகோனியாவின் குளிரில் அலைந்தார். 1904இல் டைஃபாய்டில் இறந்தபோது வயது 42. எடுத்ததையெல்லாம் எழுதி முடிக்க அவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சிவாலிக்குக்குத் திரும்புவோம். 1932இல் யேல் மாணவர் எட்வர்ட் லூயிஸ், இமாசலத்தின் ஹரிதல்யாங்கர் என்ற சிற்றூரில் ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். 1934இல் ராமபிதேகஸ் என்று பெயரிட்டு, மனித வழிக்கு நெருக்கமானது என்றார். முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1961இல் யேலின் தொல்லுயிரியலாளர் எல்வின் சைமன்ஸ் அந்தத் தாடையை மீண்டும் கையில் எடுத்தார்; டேவிட் பில்பீம் உடன் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் ராமபிதேகஸ் பாடப்புத்தகங்களில் மனிதனின் முதல் மூதாதையாகிவிட்டது, ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆண்டு என்ற வயதோடு. கையில் இருந்தவை தாடைத் துண்டுகளும் பற்களும் மட்டுமே. தாடையின் இரண்டு பாதிகளும் மனிதத் தாடைபோல வளைந்து சேரும் என்பது உடைந்த துண்டுகளிலிருந்து ஊகித்தது. 1967இல் சாரிச், வில்சன் என்ற இரண்டு உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றபோது எலும்புக்காரர்கள் கோபப்பட்டார்கள். வேதியியல்காரர்களுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும் என்பது அன்றைய தொனி.

அதைத் தீர்த்ததும் களம்தான். 1973 முதல் பில்பீமும் பாகிஸ்தான் நிலவியல் ஆய்வுத் துறையின் இப்ராகிம் ஷாவும் சேர்ந்து பொட்வாரில் நீண்டகால ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். அங்கே கிடைத்த, கண்குழியும் மூக்கும் மேல்தாடையும் சேர்ந்திருந்த ஒரு முகத்துக்கு ஜிஎஸ்பி 15000 என்று எண். சிவபிதேகஸ் என்ற வாலில்லாக் குரங்கு வகையைச் சேர்ந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தால் ஒராங்குட்டான் நினைவுதான் வரும்: உயர்ந்த முட்டை வடிவக் கண்குழிகள், அவற்றுக்கு நடுவே குறுகிய இடைவெளி, உள்வாங்கிய முகம். ராமபிதேகஸ் எனப்பட்டவையும் இதே கூட்டத்தின் சிறிய உருவங்கள்தான் என்றாயிற்று. 1982இல் பில்பீமே அந்த முகத்தை வெளியிட்டு, தாம் முன்பு தாங்கிப் பிடித்த கருத்தைக் கைவிட்டார். பிறகு கிடைத்த புஜ எலும்புகள் ஒராங்குட்டானோடும் முழுதாகப் பொருந்தவில்லை. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. புகழ்பெற்றவர்கள் தம் புகழுக்குக் காரணமான கருத்தை இப்படிப் பகிரங்கமாக விடுவது அபூர்வம் என்பதால் அவரை நான் மதிக்கிறேன்.

அவர்கள் வேலை செய்த முறைதான் "நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்" என்ற உங்கள் கேள்விக்கு நல்ல பதில். பெரும்பாலான நேரம் நடக்கிறார்கள். மழை அரித்த சரிவுகளில், குளிர்காலத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. தோண்டுவது கடைசியில் வருவது. சரிவின் அடியில் ஒரு பல் துண்டு கிடந்தால், அது எங்கிருந்து உருண்டு வந்தது என்று மேலே மேலே தேடிப்போக வேண்டும். கல்லா எலும்பா என்ற சந்தேகம் வந்தால் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். எலும்பின் நுண்துளைகளால் அது நாக்கில் ஒட்டும். (அருவருப்பாக இருந்தால் விரலை நனைத்துத் தொடலாம், ஆனால் பழையவர்கள் நாக்கைத்தான் நம்புவார்கள்.) நொறுங்கும் எலும்பைப் பசைக் கரைசல் விட்டு இறுக்கி, ஈரக் காகிதத்தால் மூடி, கோணித் துண்டுகளைப் பிளாஸ்டர் குழம்பில் தோய்த்துச் சுற்றிக் கட்டுவார்கள். பிளாஸ்டருக்கு முன்னோடி என்ன தெரியுமா? 1876இல் மொன்டானாவில் கோப், ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்கப் புதைபடிவ வேட்டைக்காரர்கள் எலும்பைச் சுற்றிக் கட்டப் பயன்படுத்தியது அரிசியைக் குழைய வேகவைத்த கஞ்சி. நம் வீடுகளில் துணிக்குப் போட்ட அதே கஞ்சி.

இவ்வளவும் செய்தபின், அந்த இடத்தை வான்படத்தில் குறித்து எண் கொடுத்து, எந்த அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் மேலே என்று அளந்து எழுத வேண்டும். பாறையில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையை அளந்து வயது கணிப்பது இந்த அளவை நம்பியே நிற்கிறது. பொட்வாரில் சேர்ந்த பல பத்தாயிரம் எலும்புகளின் மதிப்பு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி இடமும் அடுக்கும் தெரியும் என்பதில் இருக்கிறது. காட்லியின் 214 பெட்டிகளில் இல்லாதது இதுதான்.

கண்ணுக்கு எளிதில் படாதவற்றுக்கு வேறு வழி. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, தண்ணீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, காய்ந்த மிச்சத்தை உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் தள்ளித் தள்ளித் தேடுவார்கள். கிடைப்பவை ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள எலிப் பற்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் சுமார் 1.4 கோடி ஆண்டுக்கு முந்தைய அன்டிமஸ் என்ற பழைய எலியிலிருந்து படிப்படியாகப் பின்வந்த எலிகள் வரை பல்லின் மேடுகள் மாறிவந்த வரிசை அந்த மண்ணில் அறுபடாமல் கிடைத்தது. சுண்டெலிக்கும் பெரிய எலிக்கும் பொது மூதாதை ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுக்கு முன் இருந்தது என்று மரபணு ஆய்வாளர்கள் தம் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டது இந்த வரிசையைப் பார்த்துத்தான். ஆய்வகத்தில் சுண்டெலியை வைத்து மூலக்கூறு ஆராயும் எத்தனையோ பேருக்கு, தங்கள் கணக்கின் ஒரு கால் பொட்வார் சேற்றில் ஊன்றியிருப்பது தெரியாது.

ஏன் எப்போதும் பல், பல் என்றே பேசுகிறேன்? உடம்பில் மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமல்; எலும்பு கரைந்த மண்ணிலும் பல் மிஞ்சும். பாலூட்டிகளின் கடைவாய்ப்பல் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், பெரும்பாலும் ஒரே பல்லை வைத்து இன்ன விலங்கு என்று சொல்லிவிடலாம். மென்றது புல்லா இலையா என்பதும் எனாமலின் கார்பனில் பதிந்திருக்கிறது. சிவாலிக் மண்ணையும் பற்களையும் அப்படி அளந்தபோது, 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வெப்பமண்டலப் புல்வெளி பரவி, காடு பின்வாங்கியது தெரிந்தது.

இனி, உங்கள் மகள் மட்டும் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தால் நான் சொல்லக்கூடிய ஒரே கதை. ஏ. ரங்கா ராவ் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் நிலவியலாளர், டேராடூனில் இருந்தார். சிவாலிக்கைவிடப் பழைய பாறைகள் வெளித்தெரியும் ஜம்முவின் காலாகோட் பகுதியில் அவர் எடுத்த சில பற்களையும் தாடைகளையும் வைத்து 1971இல் இந்தோஹியஸ் என்ற விலங்குக்குப் பெயரிட்டார். சுமார் 4.8 கோடி ஆண்டு பழைமை. பூனையைவிடச் சற்றுப் பெரிதான, மான் சாயலுள்ள பிராணி. அவ்வளவுதான், உலகம் அதைக் கவனிக்கவில்லை. எலும்புகள் உள்ளே இருந்த, உடைக்காத பாறைத் துண்டுகளும் நிறைய இருந்தன. அவர் இறந்த பிறகு அவற்றை அவர் மனைவி தூக்கி எறியாமல் காத்தார். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஓஹியோவில் பணியாற்றிய ஹான்ஸ் தெவிசன் என்ற திமிங்கில ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். பாறையிலிருந்து எலும்பைப் பிரிக்கும்போது ஆய்வகப் பணியாளர் கைதவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் காதெலும்பு தெரிந்தது. அதன் உட்சுவர் அசாதாரணமாகத் தடித்திருந்தது. அப்படித் தடித்த காதெலும்பு அதுவரை திமிங்கில வகைகளுக்கு மட்டும் உரியது. 2007இல் தெவிசனும், சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள்: கடலுக்குப் போன திமிங்கிலங்களுக்கு நிலத்தில் மிக நெருங்கிய உறவு, ரங்கா ராவின் இந்தச் சிறு பிராணி. எண்ணெய்ச் சம்பளத்தில் பொறுக்கிய கற்கள் அவை.

தென்னகத்துக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ராணுவ அதிகாரியான தம் மகனோடு சேர்ந்து 1883 முதல் 1885 வரை கர்னூல் பக்கத்துப் பில்லாசுர்கம் குகைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்தார். அவற்றை விவரித்தவர் நாம் முன்பே பார்த்த லிடெக்கர். இலங்கையின் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் எடுக்கத் தோண்டும் குழிகளிலிருந்து வந்த எலும்புகளை வைத்து, தீவில் இப்போது இல்லாத காண்டாமிருகமும் நீர்யானையும் முன்பு அங்கே வாழ்ந்ததை பி.இ.பி. தெரணியகல நிறுவினார். அங்கும் எலும்பை முதலில் கண்டது கல் தேடிய தொழிலாளியின் கண்.

பெண்களுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கவில்லை, உறவினர்கள் கேட்பார்கள். டோரத்தியா பேட் 1898இல், 19 வயதில், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் வேலை கேட்டார். சைப்ரஸ், கிரீட், மயோர்க்கா தீவுகளின் குகைகளைத் தேடி, குள்ள யானை, குள்ள நீர்யானை, முன்னோக்கிய கண்களுள்ள ஒரு விசித்திர ஆடு ஆகியவற்றை உலகுக்குக் காட்டினார். வாழ்நாளில் பெரும்பகுதி அவருக்கு நிரந்தரப் பதவி இல்லை. முடித்த வேலைக்குத் தகுந்த கூலிதான். 1948இல், எழுபதை நெருங்கும் வயதில், அருங்காட்சியகத்தின் ட்ரிங் கிளைக்குப் பொறுப்பாளராக்கினார்கள். இன்று அவ்வளவு மோசமில்லை, ஆனால் தற்காலிக வேலை என்ற நிழல் ஆண் பெண் இருவர் மேலும் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். இந்தியாவில் இந்தப் படிப்பும் ஆய்வும் நடக்கும் இடங்களில் டேராடூனின் வாடியா இமய நிலவியல் நிறுவனம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம், ரூர்க்கி ஐஐடி ஆகியவை முக்கியமானவை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு மத்தியத் தேர்வாணையத்தின் நிலவியலாளர் தேர்வு வழியாகப் போகலாம். அங்கே தொல்லுயிரியலுக்கென்று பிரிவு உண்டு, ஆனால் அதில் இடம் கிடைப்பது உறுதியில்லை. முனைவர் பட்ட உதவித்தொகைக்கு தேசியத் தகுதித் தேர்வு. இவற்றோடு நுண்புதைபடிவங்களையும் கட்டாயம் கற்கச் சொல்லுங்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு யானைத் தாடை வேண்டாம்; துளைக்கிணற்றிலிருந்து வரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளைப் பார்த்து வயது சொல்பவர் வேண்டும். ரங்கா ராவின் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

புதைபடிவங்களைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டம் நெடுங்காலமாக இல்லை. 2022இல்தான் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. 1974இல் நாகன் அருகே சகேதியில் அமைத்த புதைபடிவப் பூங்கா போன்றவை விதிவிலக்கு. ஆகவே கல் குவாரியும் சாலை வேலையும் நடக்கும் இடங்களில் எலும்பு தெரிந்தால், பிடுங்காமல், கழுவாமல், இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்குச் சொல்ல வேண்டும். பிடுங்கி எடுத்துவந்து மேசையில் வைத்தால் பாதி செய்தி போய்விடும்.

இவள் இதற்கு ஆளா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவு அதிகமில்லை. கறிக்கடையில் இரண்டு ஆட்டுத் தாடைகள் வாங்குங்கள், ஒன்று குட்டியினுடையது, மற்றது கிழ ஆட்டினுடையது. வேகவைத்துச் சதையை நீக்கி, வெயிலில் காயவைத்து, அவள் கையில் கொடுங்கள். குட்டியின் கீழ்த்தாடையில், வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பால் பல்லுக்கு மூன்று மடல்கள், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் புடைத்த மூன்று பகுதிகள், இருக்கும். கிழ ஆட்டின் கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கும் மூன்று மடல்கள். தனியாகக் கிடைத்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவர் இல்லை. பால் பல்லில் மடல்கள் முன்னிருந்து பின்னோக்கிப் பெருத்துக்கொண்டே போகும்; கடைவாய்ப்பல்லில் மூன்றாவது மடல் பின்னால் சிறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் சொல்லாமல் அவளே இதைக் கண்டுபிடித்து, இரண்டையும் வரைந்து, பக்கத்தில் எந்தத் தாடை, எந்தப் பக்கம், எத்தனையாவது பல் என்று எழுதி வைத்தால் டேராடூனுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.